நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெறும் ராணுவத் தளபதியை எப்படிக் கௌரவிக்கிறார்கள்? அது போதுமா?

விடைபெறும் நாளன்று நம் ராணுவம் செய்யும் மரியாதையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதன் பிறகு அந்த மனிதர் வாழப்போகும் இருபது, முப்பது வருடங்களில்தான் நாம் கோட்டை விடுகிறோம். சாம் மானெக்‌ஷாவின் வாழ்க்கையில் இந்த இரண்டுமே நடந்ததால் அவரை வைத்தே சொல்கிறேன். 1971 போரின்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்ததால், நீலகிரிக்காரர்களான எங்களுக்கு அவர் ஊர்ப் பெரியவர் மாதிரி.

முதலில் வழக்கங்கள். ராணுவத் தலைமைத் தளபதியின் பதவிக்காலம் மூன்று வருடம் அல்லது 62 வயது, எது முந்துகிறதோ அதுவரை. கடைசி நாளில் டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார், அணிவகுப்பு மரியாதையை ஏற்பார், அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பார். இதெல்லாம் டிவியில் வரும். டிவியில் வராத ஒரு வழக்கம் உண்டு. ஒரு படைப்பிரிவை விட்டுப் போகும் அதிகாரியை மாலை கட்டிய திறந்த ஜீப்பில் நிற்க வைப்பார்கள். இன்ஜினைப் போடாமல் கயிறு கட்டி, கூட வேலை பார்த்தவர்களே வாசல்வரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஜவான்கள் இருபுறமும் நிற்பார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்த என் சித்தப்பா, தன் கமாண்டிங் ஆபீசரை அப்படி வழியனுப்பியதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். முதல் நாள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட படா கானா, மறுநாள் தேர் மாதிரி நகர்ந்த ஜீப், "வீர மதராஸி, அடி கொல்லு அடி கொல்லு" என்ற முழக்கம். பதக்கத்தை அரசாங்கம் கொடுக்கிறது. கயிற்றைப் பிடிப்பது கீழே வேலை செய்தவர்கள். அதனால் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, மானெக்‌ஷாவுக்கு வருவோம். 1914-இல் அமிர்தசரஸில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 1932-இல் டேராடூன் ராணுவ அகாடமியின் முதல் அணியில் சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் நதிப் பக்கம் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தன. அவருடைய சீக்கிய உதவியாள்தான் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றினார். பிழைக்க மாட்டார் என்று நினைத்த ஜெனரல் ஒருவர், தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றி இவருக்குக் குத்தியதாகச் சொல்வார்கள். 1960-களின் தொடக்கத்தில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜின் தலைவராக இருந்தபோது அவர்மீதே ஒரு விசாரணை வந்தது. குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. 1962 சீனப் போரில் நாம் அடி வாங்கியபின், வடகிழக்கில் மனம் உடைந்து கிடந்த படையைத் தூக்கி நிறுத்த அவரைத்தான் அனுப்பினார்கள். 1969-இல் தலைமைத் தளபதி. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் நம் குமாரமங்கலம்.

1971 என்றதும் எல்லோரும் டிசம்பர் 16-ஐச் சொல்வார்கள். டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு, சுமார் 93,000 கைதிகள். நான் அதே வருடம் ஏப்ரல் மாதத்தைச் சொல்வேன். கிழக்குப் பாகிஸ்தானுக்குள், அதாவது இன்றைய பங்களாதேஷுக்குள், உடனே படை போக வேண்டும் என்று டெல்லியில் பேச்சு. பின்னாளில் மானெக்‌ஷாவே மேடைகளில் சொன்னபடி, அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் இந்திரா காந்தியிடம் முடியாது என்றார். மழைக்காலம் வந்தால் அங்கே ஆறுகளெல்லாம் கடலாகிவிடும், படை நகராது. இமயமலைக் கணவாய்களில் பனி இல்லாத நேரம், சீனா இறங்கினால் தாங்க முடியாது. வேண்டுமானால் ராஜினாமா செய்கிறேன் என்றும் சொன்னாராம். அவர் கேட்ட அவகாசம் கிடைத்தது. டிசம்பரில் பதின்மூன்றே நாளில் போர் முடிந்தது. மழையில் போயிருந்தால் எத்தனை வீட்டுக்குத் தந்தி வந்திருக்கும் என்று யோசித்தால், அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கவும் அவர் டாக்கா போகவில்லை. களத்தில் நின்ற கிழக்குப் பிராந்தியத் தளபதி அரோராவுக்கே அந்தப் பெருமையை விட்டுக்கொடுத்தார்.

1973 ஜனவரியில் அவருக்கு ராணுவத்தின் மிக உயர்ந்த ஃபீல்டு மார்ஷல் பதவி. சுதந்திர இந்தியாவில் அதைப் பெற்ற முதல் ஆள். ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, சாகும்வரை பதவியில் இருப்பதாகத்தான் கணக்கு. அதே மாதம் 15-ஆம் தேதி, ராணுவ தினத்தன்று, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் குன்னூருக்கு வந்தார்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பதவிக்கு உரிய ஊதிய நிலுவை அவர் கைக்கு வந்தது 2007-இல். ஒரு கோடிக்கும் மேல். அப்போது அவர் 90 வயதைத் தாண்டி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இருந்தார். ஜனாதிபதி கலாம் அங்கே நேரில் போய் அவரைப் பார்த்தது அந்த வருடம்தான். 2008 ஜூன் 27-இல், 94 வயதில் இறந்தார். ஊட்டி பார்சி மயானத்தில் மனைவி பக்கத்தில் அடக்கம். பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, முப்படைத் தளபதிகளும் வரவில்லை. பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் வந்தார். தேசிய துக்கமும் அறிவிக்கவில்லை. அந்த டிசம்பர் 16-இல் தபால்தலை வெளியிட்டார்கள். கரியப்பா கதையும் இப்படித்தான். 1949-இல் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனவர், 1953-இல் ஓய்வு பெற்றார். ஃபீல்டு மார்ஷல் பதவி அவருக்குக் கிடைத்தது 1986-இல்.

நம் பக்கத்திலேயே இன்னொருவர், ஜெனரல் பத்மநாபன். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு மாதக்கணக்கில் எல்லையில் படை நின்றபோது தலைமைத் தளபதி அவர்தான். 2002 கடைசி நாளில் ஓய்வு பெற்றார், 2024 ஆகஸ்ட்டில் சென்னையில் காலமானார். அவர் சென்னையில்தான் இருந்தார் என்பதே என் நண்பர்கள் பலருக்கு அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: விழா போதும், அதற்குப் பிறகு செய்வது போதாது. ஓய்வூதியக் கோப்பு அவர் உயிரோடு, தெம்போடு இருக்கும்போதே முடிய வேண்டும். இறுதிச் சடங்குக்கு யார் வர வேண்டும் என்பது மந்திரிகளின் வசதிக்கு விடாமல் எழுத்தில் இருக்க வேண்டும். நம்மால் முடிந்ததும் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி யாராவது இருந்தால், ஜனவரி 15 அன்று பக்கத்துப் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். சால்வை போட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். ஜெயித்த கதையோடு, எந்த உத்தரவுக்கு முடியாது என்றார் என்பதையும் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.