பழைய நிலக்கரி அடுப்பு: பெயின்ட் கடைசியில்தான்

வாங்கிய பழைய வார்ப்பிரும்பு அடுப்பில் துரு, கதவோரம் புகை கசிகிறது, மேலே பெயின்ட் அடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

முதலில் அறையை இருட்டாக்கி, அடுப்புக்குள் டார்ச்சை எரியவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். மூட்டுகளில் வெளிச்சம் தெரிந்தால் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, தீ தாங்கும் சிமென்ட் வைத்து அடைக்கலாம். வார்ப்பிலேயே நீள விரிசல் என்றால் பூசி மெழுகுவது வீண்.

சாம்பலைப் புகைக்குழாய் உட்பட மூலைமுடுக்கெல்லாம் வழித்தெடுங்கள். நிலக்கரியில் கந்தகம் உண்டு. அதன் சாம்பலிலும் புகைக்கரியிலும் ஈரம் சேர்ந்தால் அமிலமாகி இரும்பை அரித்துவிடும். உங்கள் துருவுக்கும் அநேகமாக இதுதான் காரணம். அதனால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கம்பி பிரஷ் போதும்.

அப்புறம் கதவு. இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிற்றை மாற்ற வேண்டும். ரொம்பப் பழைய கயிறு என்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. சுரண்டாமல் விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சரி, பெயின்ட். 600 டிகிரி செல்சியஸ் தாங்கும் அடுப்புப் பெயின்டாக வாங்கி, மெல்லிசாக இரண்டு பூச்சு. முதல் தீ சின்னதாக இருக்கட்டும், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், நாற்றம் வரத்தான் செய்யும். நிலக்கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அந்த நாற்றமும் கிடையாது, அதைக் கண்டறியும் அலாரம் மாட்டிய பிறகே பற்றவையுங்கள்.