எம்பூமோவின் சட்டை

அன்புள்ள ஐயா,

2025 கோடையில் ப்ரெண்ட்ஃபோர்ட் கால்பந்து அணியின் உரிமையாளர் மேத்யூ பென்ஹாம், முன்கள வீரர்களான எம்பூமோவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் விஸாவை நியூகாசிலுக்கும் விற்றுவிட்டார். முன்பு இளையோர் அகாடமியை மூடியவரும் அவர்தான். அணியைக் கடையாக்கிவிட்டார். எம்பூமோ பெயர் பொறித்த சட்டையை இனிப் போட மாட்டேன் என்று என் மகன் அழுகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகர், லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளையின் அழுகை எனக்குப் புரிகிறது. ஆனால் 'கடை' என்று நீங்கள் எழுதியது அநியாயம்.

2017 இலையுதிர் காலத்தில், ஹவுன்ஸ்லோவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, மூலைக்கொரு மதுக்கடை இருந்த, ப்ரெண்ட்ஃபோர்டின் பழைய அரங்கமான கிரிஃபின் பார்க்குக்குப் போனேன். பக்கத்தில் நின்ற முதியவர் கம்பளிக் கையுறையைக் கழற்றி ஓர் இளைஞனைச் சுட்டிக்காட்டி, "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இவன் இங்கே அதிக நாள் இருக்க மாட்டான்" என்றார். குரலில் பெருமைதான் இருந்தது. அந்த இளைஞன் ஒல்லி வாட்கின்ஸ்.

எக்ஸிட்டரிலிருந்து 20 லட்சம் பவுண்டுக்கும் குறைவாக வாங்கிய அவரை, முதல் பிரிவுக்கு ஏறுவதற்கான இறுதியாட்டத்தில் ஃபுல்ஹாமிடம் அணி தோற்ற 2020இல், ஆஸ்டன் வில்லாவுக்கு 2.8 கோடி பவுண்டுக்கு விற்றார் பென்ஹாம். எல்லாம் முடிந்தது என்றார்கள். அவர் இடத்துக்குப் பீட்டர்பரோவிலிருந்து வந்த ஐவன் டோனி அடுத்த பருவத்தின் லீக் ஆட்டங்களில் 31 கோல் அடித்தார். 1947க்குப் பிறகு முதன்முறையாக அணி முதல் பிரிவுக்கு ஏறியது. விற்றதால்தான் ஏறியது, ஐயா! பதினேழாயிரம் பேர் அமரும் அரங்கத்தின் நுழைவுச்சீட்டுப் பணத்தை வைத்து, எழுபதாயிரம் பேர் அமரும் ஓல்ட் டிராஃபோர்டை வைத்திருக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டோடு சம்பளத்தில் போட்டிபோட முடியுமா? போர்ட்ஸ்மத் அணி 2008இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றது; வரவுக்கு மீறிச் செலவழித்து 2010இல் திவால் நிர்வாகத்துக்குப் போய், 2013இல் நான்காம் பிரிவுக்கு இறங்கியது. அங்கேயும் பிள்ளைகள் அழுதார்கள்.

அகாடமி விஷயம் பழைய கதை. வளர்த்த பையன்களைப் பெரிய அணிகள் சொற்பத் தொகைக்குக் கொண்டுபோனால் யார்தான் தொடர்ந்து நடத்துவார்கள்? பென்ஹாம் சிறுவயது முதலே இந்த அணியின் ரசிகர். உரிமையாளராகும் முன்பே கடன் கொடுத்து அதைக் காப்பாற்றியவர். டோனி வேறு அணிக்குப் போவதற்கு முன்பே அவர் இடத்துக்கு இகோர் தியாகோவை வாங்கி வைத்தவரை, முன்யோசனை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

மகனைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா. 2019இல் எம்பூமோ பிரான்சின் துருவா அணியிலிருந்து வந்தபோது அவர் பெயரை உங்கள் தெருவில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்று அவனிடம் கேளுங்கள். பிறகு சட்டையைத் துவைத்து, மடித்து, அவன் கட்டில்மேல் வையுங்கள். அவனே எடுத்துப் போட்டுக்கொள்வான்.