மேக் மினி, ஐமேக்கில் ட்ராக்பேட் மக்கர்: கேள்வி பதில்

ஆப்பிளின் இந்த மேசைக் கணினிகளோடு, விரலால் தடவி இயக்கும் மேஜிக் ட்ராக்பேடை ப்ளூடூத்தில் இணைக்கிறோம். அது மக்கர் செய்தால் முதலில் ஒன்று. திரையில் அம்பு ஒழுங்காக நகர்ந்து, விரல் சைகை மட்டும் எடுபடவில்லை என்றால் செட்டிங்கைப் பாருங்கள். அம்பே திக்கித் திக்கி நகர்ந்தால் ப்ளூடூத்தையும் சார்ஜையும் பாருங்கள். இதைப் பார்த்துவிட்டுக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

கே: மேக் மினியில் பேக்கப் ஓடும்போது மட்டும் மேஜிக் ட்ராக்பேட் தயங்குகிறது. புதிது வாங்கலாமா?

வாங்காதீர்கள். பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 3.0 தானே? அது ஓடும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும். ப்ளூடூத் பேசுவதும் அங்கேதான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கை மினியின் முதுகில் ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். மலிவு கேபிளையும் மாற்றுங்கள். சந்தேகம் தீர, ட்ராக்பேடைக் கேபிளிலேயே மினியோடு இணைத்துப் பாருங்கள். 2015 கடைசி முதல் வந்த மாடல்கள் கேபிள் வழியாகவும் வேலை செய்யும். தயக்கம் போய்விட்டால் ட்ராக்பேட் மேல் பழியில்லை. ஆகவே எதையும் வாங்குமுன் கேபிள் சோதனை!

கே: மூன்று விரலால் தள்ளினால் அடுத்த திரைக்குப் போகவில்லை. நேற்றுவரை போனது.

யாரோ மூன்று விரல் இழுவையை, அதாவது ஜன்னலை மூன்று விரலால் இழுத்து நகர்த்தும் வசதியை, ஆன் செய்திருக்கிறார்கள். அது செட்டிங்கில் ட்ராக்பேட் பக்கத்தில் இருக்காது. ஆக்சஸிபிலிட்டி, பாயின்டர் கன்ட்ரோல், ட்ராக்பேட் ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போக வேண்டும். அதை ஆன் செய்தால் பழைய மூன்று விரல் வேலை நான்கு விரலுக்குப் போய்விடும்.

கே: ட்ராக்பேட் அழுந்தவே மாட்டேன் என்கிறது, உடைந்துவிட்டதா?

பின் விளிம்பில் உள்ள சுவிட்சைப் போட்டீர்களா? 2015 கடைசி முதல் வந்த மாடல்களில் கண்ணாடி அழுந்துவதே இல்லை, அழுந்துவதுபோல் அதிர்வு காட்டுகிறது. மின்சாரம் இல்லாவிட்டால் வெறும் பலகைதான்.

கே: மூன்று விரல் வேலை செய்யவில்லை.

மேலே பாருங்கள்.

கே: விரல் போகும் திசையிலேயே பக்கமும் நகரும் நேச்சுரல் ஸ்க்ரோலிங் பைத்தியக்காரத்தனம். மௌஸுக்கு மட்டும் அணைத்தால் ட்ராக்பேடிலும் அணைந்துவிடுகிறது!

இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அது எனக்கும் எரிச்சல்தான். ஸ்க்ரோல் ரிவர்சர் என்ற இலவச ஆப் பிரித்துத் தரும். ஆனால் பைத்தியக்காரத்தனம் என்பதை ஏற்க மாட்டேன். 2011-இல் மேக்கின் லயன் இயங்குதளத்தோடு வந்தது இது. மேசையில் இருக்கும் காகிதத்தை விரலால் மேலே தள்ளினால் காகிதம் மேலேதானே போகும்?

கே: மௌஸ் சக்கரம் காகிதமா ஐயா?

இல்லை. அதனால்தான் சக்கரத்துக்குப் பழைய திசை, விரலுக்குப் புதிய திசை என்கிறேன். உங்கள் கட்சியில் பாதி நானும்தான்.

கே: போனில் அப்படித்தானே செய்கிறோம், இதற்கு ஏன் சண்டை?

அதைத்தான் சொல்கிறேன். மேலே கேட்டவரிடம் சொல்லுங்கள்.

கே: திறந்த ஜன்னல்களை எல்லாம் ஒன்றாகக் காட்டும் மிஷன் கன்ட்ரோல் சைகை மட்டும் திடீரென்று செத்துவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரி.

ரீஸ்டார்ட் வேண்டாம். அதை நடத்துவது டாக், திரை ஓரத்தில் ஆப் படங்களை வரிசையாகக் காட்டுகிறதே அதுதான். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ஆக்டிவிட்டி மானிட்டர் ஆப்பில் டாக்கைத் தேடி நிறுத்துங்கள், தானாக எழுந்துவிடும்.

கே: விண்டோஸ் லேப்டாப்பில்...

என் பேட்டை இல்லை.

கே: மூன்று விரல்...

ஆக்சஸிபிலிட்டி! ஆக்சஸிபிலிட்டி!

கே: நீங்கள் சொன்ன மூன்று விரல் இழுவையை ஆன் செய்தேன். விரலை எடுத்தும் ஜன்னல் ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது.

கோளாறில்லை. விளிம்புவரை போய்விட்ட விரலைத் தூக்கி மறுபடி வைத்து இழுக்க அவகாசம் தருகிறது. பொறுமை இல்லையென்றால் ஒரு தட்டு தட்டுங்கள், விட்டுவிடும்.