கொலு கல்யாண வீட்டுக்கு குட்டி சீரியல் லைட்: கரண்ட் செட்டை மட்டும் வெட்டாதீங்க

குடியாத்தத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "கொலுவுக்கு ப்ளைவுட், தெர்மாகோல்ல ஒன்றரை அடி உயரத்துல ஒரு கல்யாண வீடு செஞ்சிருக்கோம். மாடியில இருந்து சீரியல் லைட் தொங்கணும்னு பசங்க ஆசைப்படறாங்க. கடைக்காரர் சொன்னாருன்னு வீட்ல கிடந்த சீரியல் செட்ட 15 பல்பு வர்ற அளவுக்கு வெட்டி சொருகினோம், பத்து நிமிஷத்துல மூணு பல்பு கருகிடுச்சு. இன்னொரு கடையில பொம்மை வீட்டு லைட் கிட்டுன்னு 900 ரூபா கேக்கறாங்க. வாங்கலாமா?"

தங்கச்சி, மொதல்ல அந்த வெட்டின செட்ட ப்ளக்ல இருந்து புடுங்கி குப்பையில போடுங்க, மிச்சத்த அப்புறம் பேசலாம்.

இன்னா ஆச்சுன்னா, அந்த செட்ல பல்பு எல்லாம் வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணா நின்னு வீட்டு கரண்ட் 230 வோல்ட்ட பங்கு போட்டுக்குது. பாதிய வெட்டிட்டா மீதி இருக்கற பல்பும் உள்ள கரண்ட்ட மட்டுப்படுத்தற ரெசிஸ்டரும் சேர்ந்து மொத்தத்தயும் தாங்கணும், அதான் கருகுது. பல்பு போனா போகட்டும், ரெசிஸ்டர் சூடாகி தெர்மாகோல் உருகினா தீ புடிக்கும். குட்டி பல்பு தானே 3 வோல்ட் தானேன்னு நெனைக்காதீங்க, வெட்டி முறுக்கின எடத்துல குழந்த கை வச்சா அடிக்கறது முழு 230 வோல்ட்.

எனக்கு ஆத்தாமையே இங்கதான். ஒவ்வொரு பண்டிகைக்கும் பிளாட்பாரத்துல ஐஎஸ்ஐ முத்திரை இல்லாம, அட்டையில வோல்ட் கூட போடாம, நூல் மாதிரி வயர்ல சீரியல் செட் குவியுது, இத நிறுத்த வேண்டியவங்க யாரும் எட்டிப் பாக்கறதில்ல, எரிஞ்சு போனத நம்மகிட்ட ரிப்பேருக்கு கொண்டு வர்றாங்க. விக்கறவரும் "வெட்டிக்கோங்க ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி அனுப்பறாரு, பத்து நிமிஷம் கழிச்சு நடக்கறத அவரா வந்து பாக்கப் போறாரு?

உங்களுக்கு சுலபமான வழி, யூஎஸ்பி முனை வச்ச செம்புக் கம்பி ஃபேரி லைட். முடி மாதிரி ரெண்டு கம்பி, நடுவுல பனித்துளி மாதிரி பல்பு. 5 வோல்ட்தான், ஃபோனோட வந்த நல்ல சார்ஜர்ல சொருகினா போதும், இருவது ரூபா சார்ஜர் வேணாம், அதுக்குள்ள 230 வோல்ட்ட தடுக்கற பாதுகாப்ப நம்ப முடியாது. பவர் பேங்க்லயும் வேணாம், இழுக்கற கரண்ட் ரொம்ப கம்மின்னு பல பவர் பேங்க் தானா அணைஞ்சிடும். இதையும் வெட்டாதீங்க! வெட்டினா மீதி பல்புக்கு கரண்ட் கூடிப் போயிடும். தேவையான நீளத்த மாடியில மடிச்சு மடிச்சு தொங்க விட்டு, மிச்சத்த வீட்டுக்குள்ள பரப்பி விட்டுடுங்க, உள்ளயும் வெளிச்சம் வரும்.

அளவு கச்சிதமா வேணும்னு பசங்க அடம் புடிச்சா சொல்றேன். பொம்மை வீட்ட பன்னெண்டுல ஒரு பங்கு அளவுன்னு வச்சிக்கினா, 5 மில்லிமீட்டர் எல்இடி மாட்டறது நெஜ கல்யாண வீட்ல 6 சென்டிமீட்டர் குண்டு பல்ப மாலையா தொங்க விடற மாதிரி, பாக்கவே நல்லா இருக்காது. வயர் ஒட்டியே வர்ற 0603 சிப் எல்இடி கேளுங்க, நீளம் 1.6 மில்லிமீட்டர்தான். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதாவது பழுப்பு, கருப்பு, சிவப்பு கோடு போட்டது. எந்த கலர் எல்இடியா இருந்தாலும் 5 வோல்ட்டுக்கு இதே போதும், கண்ண குத்தாம மென்மையா எரியும். அந்த வயர் மேல வார்னிஷ் இருக்கும், பிளேடால சுரண்டாம சால்டர் வச்சா சரியா பிடிக்காம போகலாம். சுரண்டினா உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பே இல்ல, அலுமினியத்துக்கு செம்பு முலாம், நானே ஒரு கடையில முழு ரோல் ஏமாந்து வாங்கியிருக்கேன்.

ரெசிஸ்டர் இல்லாம எரிக்கக் கூடாதுன்னு சொல்ற எல்லாரும் ஒண்ண ஒத்துக்கணும்: பட்டன் செல். 2032ன்னு போட்டிருக்கும், 3 வோல்ட். அதோட ரெண்டு பக்கத்துலயும் ஒரு வெள்ளை எல்இடி கால சொருகினா அப்படியே எரியும், நீட்டு கால் பிளஸ் பக்கம். செல்லுக்குள்ள இருக்கற தடையே கரண்ட்ட அடக்கி வச்சிக்குது, அதனால தப்பிக்குது. ஆனா ஒரு செல்லுக்கு ஒரு எல்இடி. ரெண்டு செல்ல அடுக்கினா 6 வோல்ட், எல்இடி போச்சு. சிவப்பையும் வெள்ளையையும் ஒரே செல்ல மாட்டினா சிவப்பே கரண்ட்ட குடிச்சிடும், வெள்ளை எரியாது. மாட விளக்கு ஒண்ணுக்கு சரி, சீரியலுக்கு ஆகாது. வீட்ல சின்னக் குழந்த இருந்தா அதுவும் வேணாம்மா. பட்டன் செல்ல முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக் குழாய் வெந்துடும், வலி தெரியுதா பாப்போம்னு காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அந்த 900 ரூபா கிட்ட வாங்காதீங்க. அந்த மாதிரி கிட்டுங்க நெறைய பிரிச்சுப் பாத்துட்டேன், உள்ள இருக்கறது அதே ஃபேரி லைட்டும் ஒரு பேட்டரி டப்பாவும்தான், அட்டைக்குத்தான் காசு. தனித்தனியா வாங்கினா கால்வாசி கூட ஆகாது.

மாட்டறதுக்கு முன்னாடி மேசை மேல ஒரு மணி நேரம் எரிய விட்டு, சார்ஜர், கம்பி, பல்பு எல்லாத்தயும் தொட்டுப் பாருங்க. சார்ஜர் லேசா வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, கம்பியோ பல்போ சுட்டா வீட்ல ஒட்டாதீங்க, எங்கயோ ஷார்ட் இருக்கு.