48 வோல்ட் ஸ்கூட்டருக்கு எந்த ஸ்பேர் பேட்டரி பொருந்தும்?

கேள்வி: என்னிடம் இருப்பது பதிவெண் தேவைப்படாத குறைவேக மின்சார ஸ்கூட்டர். நான்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள், மொத்தம் 48 வோல்ட். தூரம் போதவில்லை என்பதால் லித்தியம் பேட்டரி ஒன்றை ஸ்பேராக வாங்கப் பார்க்கிறேன். கடையில் 51.2 வோல்ட் ஒன்றும் 60 வோல்ட் ஒன்றும் காட்டினார்கள். 60 போட்டால் வேகமும் கூடும் என்கிறார் கடைக்காரர். கன்ட்ரோலர் தாங்குமா?

பதில்: 51.2 வோல்ட் பேட்டரியை வாங்குங்கள். 60 வேண்டாம்.

பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் எண் ஏறக்குறைய சராசரிக் கணக்குதான். முழு சார்ஜில் எத்தனை வோல்ட், தீரும் தறுவாயில் எத்தனை வோல்ட் என்ற இரண்டையும்தான், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் வரம்போடு ஒப்பிட வேண்டும்.

51.2 வோல்ட் என்று விற்பது பெரும்பாலும் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை. 3.2 வோல்ட் செல்கள் 16 தொடராக இருக்கும். ஒரு செல் முழு சார்ஜில் 3.65 வோல்ட் வரை போகும். ஆக மொத்தம் 58.4. சார்ஜரைக் கழற்றிய சிறிது நேரத்தில் 54 பக்கம் இறங்கிவிடும். 48 வோல்ட் கன்ட்ரோலர்களில் வழக்கமாக 63 வோல்ட் வரை தாங்கும் கெபாசிட்டர்களைத்தான் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகங்கள்) போடுகிறார்கள். எனவே 58.4 அந்த வரம்புக்குள் அடங்கும்.

60 வோல்ட் லித்தியம் கதை வேறு. என்.எம்.சி. எனப்படும் இன்னொரு வகை லித்தியம் செல்கள் 17 தொடராக இருந்தால் முழு சார்ஜில் 71.4 வோல்ட். லெட் ஆசிட்டிலேயே ஐந்து பேட்டரி சேர்த்தாலும் 64 பக்கம் வந்துவிடும். கெபாசிட்டர் உப்பும், வெடிக்கவும் செய்யும். கன்ட்ரோலருக்குள் சுவிட்ச் வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் மோட்டார் இறுகிப்போய் வண்டியைத் தள்ளுவதே கடினமாகிவிடும். ஹாரனுக்கும் விளக்குக்கும் 12 வோல்ட் தருகிற கன்வெர்ட்டரும் கூடவே போகலாம். கன்ட்ரோலர் லேபிளில் 48/60 என்று இரண்டும் அச்சாகியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் கன்வெர்ட்டரின் வரம்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உங்கள் வண்டிக்கு இருக்கும் சட்ட விலக்கு போய்விடும். பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் தேவைப்படும்.

இனி கீழ் வரம்பு. 48 வோல்ட் கன்ட்ரோலர் லேபிளில் பெரும்பாலும் 42 வோல்ட் பக்கம் ஒரு கட்-ஆஃப் எண் இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும். 36 வோல்ட் சைக்கிள் பேட்டரியை இந்த வண்டியில் மாட்டினால் ஏன் ஓடுவதில்லை என்பது இதிலிருந்தே புரியும்: அதன் முழு சார்ஜே 42தான். உங்கள் 16 செல் பேட்டரியில் 42 வோல்ட் என்றால் செல்லுக்கு 2.6 மட்டுமே. அவ்வளவு கீழே விடாமல் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ். முந்திக்கொண்டு நிறுத்துவது நல்லது. எத்தனை வோல்ட்டில் நிறுத்தும் என்று கடையில் கேளுங்கள்.

ஆம்பியரையும் விட்டுவிடாதீர்கள். கன்ட்ரோலரின் அதிகபட்ச கரண்ட் 25 ஆம்பியர் என்றால் பி.எம்.எஸ். அதைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து தாங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரோடு மேம்பாலம் ஏறும்போது வண்டி திடீரென அணைந்துவிடும். பின்னால் லாரி வரும் இடத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது சார்ஜர். பழைய லெட் ஆசிட் சார்ஜரை லித்தியத்தில் செருகவே கூடாது. லித்தியத்திலும் வகை மாறக் கூடாது: எல்.எஃப்.பி.க்கான 58.4 வோல்ட் சார்ஜரை, 48 வோல்ட் என்று விற்கும் 13 செல் என்.எம்.சி. பேட்டரியில் மாட்டினால் செல்லுக்கு கிட்டத்தட்ட 4.5 வோல்ட் ஏறும். அதன் வரம்பு 4.2. தடுக்க பி.எம்.எஸ். மட்டுமே இருக்கும். அதுவும் பழுதாகியிருந்தால் தீப்பிடிக்கும். இரண்டு சார்ஜருக்கும் ஒரே மாதிரி பின் இருப்பது சகஜம். அதனால் வாங்கிய அன்றே எந்த சார்ஜர் எந்தப் பேட்டரிக்கு என்று எழுதி ஒட்டிவிடுங்கள், வீட்டில் எல்லாருக்கும் சொல்லியும் வையுங்கள்.

பழைய செட்டையும் புதியதையும் பேரலலாக இணைக்கச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரும் கரண்ட் பாயும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் வண்டியோடு இணைந்திருக்கட்டும். ஒரு பேட்டரியிலிருந்து மற்றதற்கு மாற்ற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுவதானால் டி.சி.க்கு உரியதாக, வண்டியின் வோல்ட்டையும் ஆம்பியரையும் தாங்குவதாக இருக்க வேண்டும், வீட்டு ஏ.சி. சுவிட்சில் பொறி பறந்து முனைகள் கருகிவிடும். மாற்றும்போது சாவி ஆஃப்பில் இருக்க வேண்டும்.

டாஷ்போர்டு பேட்டரி அளவு லெட் ஆசிட்டுக்காக அமைத்தது. எல்.எஃப்.பி. போட்டால் கடைசிவரை நிறைய இருப்பது போலவே காட்டிவிட்டு சட்டென்று விழும். முதல் சில நாட்கள் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து சார்ஜ் போடுங்கள்.

கடைக்குப் போகும்போது கன்ட்ரோலர் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்யச் சொல்லி, மல்டிமீட்டரை டி.சி. 200 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். 58.4ஐத் தாண்டினால் வாங்காதீர்கள். அப்படியே பிளஸ், மைனஸையும் மீட்டரிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம். தலைகீழாக மாட்டினால் கன்ட்ரோலர் அந்தக் கணமே போய்விடும்.