மார்ச் மேட்னஸ் பிராக்கெட்: சாம்பியனிலிருந்து நிரப்பத் தொடங்குங்கள்

கேள்வி: டல்லஸில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். மார்ச் வந்தால் ஆபீஸில் எல்லோரும் ஆண்கள் கல்லூரி கூடைப்பந்துப் போட்டிக்கு பிராக்கெட் (ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் வெல்வார் என்று முன்கூட்டியே எழுதும் அட்டவணை) நிரப்புகிறார்கள். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். கேள்விப்பட்ட பல்கலைக்கழகமாகப் பார்த்து டிக் அடித்துவிட்டு, கடைசி இடத்தில் நிற்கிறேன். இதை முறையாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அணிகளைப் படிப்பதற்கு முன் மதிப்பெண் முறையைப் படியுங்கள். ஈஎஸ்பிஎன் தளத்தின் வழக்கமான கணக்கில், முதல் சுற்று ஆட்டம் ஒன்றைச் சரியாகச் சொன்னால் 10. அப்புறம் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகி, இறுதி ஆட்டத்துக்கு 320. மொத்தம் 1,920. சாம்பியனைச் சரியாகப் பிடித்தால் அந்த ஒரு அணியின் ஆறு வெற்றிகளே 630 தந்துவிடும். அதனால் முதலில் சாம்பியன், பிறகு கடைசி நால்வர், பிறகு மற்றவை என்று பின்னாலிருந்து நிரப்புங்கள்.

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேர்வுக்குழு நான்கு பிராந்தியங்கள் ஒவ்வொன்றிலும் அணிகளுக்கு 1 (மிகப் பலமான அணி) முதல் 16 வரை எண் கொடுக்கிறது. 12ஆம் எண் அணி 5ஆம் எண் அணியைக் கவிழ்க்கும் ஆட்டத்தைத் தேடுவதில் மாலை முழுக்கப் போய்விடும். 1985 முதல் பார்த்தால், அப்படிப்பட்ட ஆட்டங்களில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகவே கவிழ்ந்திருக்கிறது. ஆனால் எது கவிழும் என்பதல்லவா கேள்வி? 2023இல் நான்கில் ஒன்றுகூடக் கவிழவில்லை. அதே 2023இல் 16ஆம் எண் ஃபேர்லி டிக்கின்சன், 1ஆம் எண் பர்டூவை 63-58 என்று வீழ்த்தியது! அதைப் போல 2018இல் யூஎம்பிசி, விர்ஜீனியாவை வீழ்த்தியிருந்தது. ஆண்கள் போட்டியில் இதுவரை இந்த இரண்டு முறைதான். அதில் கை வைக்காதீர்கள்.

இனி அணிகள். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற சராசரி ஆளை ஏமாற்றும். 75 முறை பந்து கையில் கிடைத்து 80 புள்ளி எடுக்கும் அணியையும், 62 முறை கிடைத்து 70 எடுக்கும் அணியையும் பாருங்கள். நூறு வாய்ப்புக்குக் கணக்கிட்டால் முதல் அணிக்கு சுமார் 107, இரண்டாவதற்கு 113. கிரிக்கெட்காரரான உங்களுக்கு இது ஸ்ட்ரைக் ரேட் மாதிரி. எதிரணியின் பலத்தையும் சேர்த்து இந்தக் கணக்கைப் போடும் தளங்கள் இருக்கின்றன: கென்பாம், பார்ட் டோர்விக். தாக்குதல், தடுப்பு இரண்டிலும் முன்வரிசையில் உள்ள அணிகளிலிருந்து சாம்பியனைத் தேர்ந்தெடுங்கள். காயச் செய்தியையும் விடாதீர்கள். 2018 விர்ஜீனியா அணியில் டிஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து ஆடவில்லை. தவிர அது மெதுவாக ஆடும் அணி. வாய்ப்புகள் குறைந்தால், பலவீனமான அணிக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கும் இடம் கூடும்.

உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் கலந்துகொள்கிறார்கள் என்பதும் முக்கியம். பத்துப் பேர் என்றால் பலமான அணியையே நம்பலாம். நூறு பேர் என்றால், நாற்பது பேர் எழுதிய சாம்பியனையே நீங்களும் எழுதி ஜெயிப்பது கஷ்டம். அது கோப்பை வென்றாலும் நாற்பது பேரோடு முட்ட வேண்டும். எந்த அணியை எத்தனை சதவீதம் பேர் எடுத்திருக்கிறார்கள் என்று ஈஎஸ்பிஎன் காட்டும். பலத்துக்குத் தகுந்த கூட்டம் சேராத அணி எது என்று அதில் தேடுங்கள். 2008இலும் 2025இலும் 1ஆம் எண் அணிகள் நான்குமே கடைசி நால்வரில் இருந்தன. ஆகவே வித்தியாசமாகப் போடுவதற்காக 9ஆம் எண்ணுக்குத் தாவ வேண்டாம், இன்னொரு 1ஆம் எண் அணியே போதும்.

63 ஆட்டத்தையும் சரியாகச் சொல்லும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். காசு சுண்டி நிரப்பினால் மொத்தம் 92 ஆயிரம் கோடி கோடி வகை வரும். 2019இல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொன்னதே பெரிய செய்தியானது.

பயிற்சிக்கு, முடிவு உங்களுக்கு நினைவில் இல்லாத பழைய ஆண்டு ஒன்றை எடுங்கள். யார் வெல்வார் என்று மட்டும் எழுதாமல், எத்தனை சதவீதம் நம்பிக்கை என்றும் எழுதுங்கள். 70 என்று எழுதிய ஆட்டங்களில் பத்துக்கு ஏழு பலித்தால் உங்கள் கணிப்பு சரியான பாதையில் இருக்கிறது. பத்துமே பலித்தால் தேவைக்கு மேல் தயங்குகிறீர்கள். ஒரு எச்சரிக்கை: பருவம் முடிந்த பிறகான தரவரிசையில் அந்தப் போட்டியின் முடிவுகளும் கலந்திருக்கும். அதை வைத்துப் பழகினால் விடைத்தாளைப் பார்த்து எழுதியதாகிவிடும். டோர்விக் தளத்தில் தேதியைத் தேர்வு செய்யலாம். பிராக்கெட் வெளியான ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திப் பாருங்கள்.