ஆள் எடுப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கான ரப்பர் உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்கூடம் நடத்துகிறேன். 34 பேர் வேலை செய்கிறார்கள். முன்பெல்லாம் வாசலில் ஒரு தட்டி வைத்தாலே மறுநாள் காலையில் ஆட்கள் வந்து நிற்பார்கள். இப்போது நாளிதழில் விளம்பரம் கொடுத்தும் ஐடிஐ படித்தவர்கள் வருவதில்லை. மாதம் 18,000 ரூபாய் என்று பேசிச் சேர்ந்த சிலரும் முதல் சம்பளத்தோடு நின்றுவிட்டார்கள். இக்காலத்து இளைஞர்களுக்கு உழைப்பில் நாட்டமில்லை என்று எடுத்துக்கொள்வதா?
– தொழிற்கூட உரிமையாளர், கப்பலூர்

பதில்: அப்படி எடுத்துக்கொள்வதற்கு முன், கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த விளம்பரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். "ஆப்பரேட்டர்கள் உடனடித் தேவை. தகுதிக்கேற்ற சம்பளம். நேரில் வரவும்." என்ன வேலை, எத்தனை மணிக்கு ஷிப்ட், கையில் எவ்வளவு வரும் என்று வேலை தேடுபவர் அறிய விரும்பும் எதுவும் அதில் இல்லை. உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ இருக்கும் ஐடிஐ ஃபிட்டர் ஒருவரின் கைபேசிக்கு ஓசூரிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் எழுதப்பட்ட அறிவிப்புகள் வருகின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது "தகுதிக்கேற்ற சம்பளம்" என்பதற்குக் "குறைந்த சம்பளம்" என்றுதான் அவர் பொருள் கொள்வார்.

முதல் சம்பளத்தோடு நிற்பவர்களின் கணக்கையும் பார்ப்போம். 18,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், அதில் 12 விழுக்காடு பி.எஃப். 1,800 ரூபாய், மொத்தத்தில் 0.75 விழுக்காடு இஎஸ்ஐ 135 ரூபாய். ஆக, கையில் கிடைப்பது 16,065 ரூபாய். சட்டப்படி இந்தப் பிடித்தம் சரியே; ஆனால் சேரும் நாளில் யாரும் சொல்லாமல், சம்பள நாளில்தான் தெரிய வருகிறது என்றால், தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றே அந்த இளைஞர் நினைப்பார். பேசும்போதே மொத்தச் சம்பளம், பிடித்தம், கையில் வருவது ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். பி.எஃப். கணக்கில் அவர் பங்குக்கு நிகராக நீங்களும் செலுத்துகிறீர்கள் என்பதையும், இஎஸ்ஐ அட்டையில் அவருடைய குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு என்பதையும் அப்போதே விளக்குங்கள். நியமனக் கடிதமும் கையோடு கொடுங்கள். 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை முதலாளியின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

சம்பளத்தில் பெரிய நிறுவனங்களோடு உங்களால் போட்டியிட முடியாமல் போகலாம். ஆனால் அறை வாடகை, மெஸ் செலவு, ஊருக்கு வந்துபோகும் பேருந்துச் செலவு எல்லாம் போக ஓசூரில் மிஞ்சுவதையும், வீட்டுச் சாப்பாட்டோடு கப்பலூரில் மிஞ்சுவதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாக இராது. உங்கள் பலம் அதுதான். அந்தப் பலமும் இரண்டாவது ஷிப்ட் முடியும் நேரத்துக்கு உசிலம்பட்டிப் பக்கம் போகப் பேருந்து இருந்தால்தான் உதவும்; இல்லையென்றால் ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள், அல்லது ஷிப்ட் நேரத்தை மாற்றுங்கள். பிசிறு வெட்டுதல், தரம் பார்த்தல் போன்ற பகல் நேர வேலைகளுக்குத் திருமங்கலம் சுற்றுவட்டாரப் பெண்களை அழையுங்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சேர்வதற்கு முன் எல்லோரையும் 150 டிகிரிக்கு மேல் சூடேறும் மோல்டிங் பிரஸ்ஸின் முன்னால் அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். அந்த வெக்கை தாங்காது என்று அன்றே திரும்பிப் போகிறவரால் உங்களுக்கு நட்டம் இல்லை.

30 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் மொத்தப் பணியாளர்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழுள்ள விதி. அதை ஆய்வாளருக்காகச் செய்யும் சடங்காக எண்ணாமல், கே.புதூர் அரசு ஐடிஐக்கு நேரில் சென்று பயிற்றுநர்களிடம் பேசுங்கள். எந்த மாணவர் ஒழுங்காக வருவார், யாருக்குக் கை சுத்தமாக ஓடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இருக்கும் தொழிலாளர்கள் வழியாக ஆள் சேர்ப்பதும் நல்லதே. ஆனால் எல்லோரையும் ஒரே ஊரிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அந்த ஊர் அம்மன் கோயில் பொங்கலன்று உங்கள் பிரஸ் ஒன்றுகூட ஓடாது.

கேள்வி: அண்ணா நகரில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். டேலி, ஜிஎஸ்டி தெரிந்த மூன்று பெண்களைத் தேர்ந்தெடுத்தேன். மூவரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. இனிமேல் தேர்வானவுடன் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– வரி ஆலோசகர், மதுரை

பதில்: கூடாது. அடுத்தவருடைய சான்றிதழைப் பூட்டி வைத்து ஆளைப் பிடித்து வைக்கும் அலுவலகம் என்று பெயர் வாங்கிவிட்டால், திறமையானவர்கள் உங்கள் படியே ஏற மாட்டார்கள். நேர்காணலை மாதத்தின் 8-ஆம் தேதி நடத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கு தாக்கல் என்று வேலை நெருக்கியதால், நீங்கள் அவர்களை அழைத்தது 22-ஆம் தேதி. அந்த இரண்டு வாரங்களில் வேறோர் அலுவலகம் அவர்களை எடுத்துக்கொண்டிருக்கும். உங்களிடம் "வருகிறேன்" என்றது மரியாதைக்காக இருக்கலாம். நேர்காணலை 21-ஆம் தேதிக்குப் பிறகு வையுங்கள், இரண்டு நாளில் முடிவைச் சொல்லுங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பதற்குப் பதிலாகக் கொள்முதல் பில் கட்டு ஒன்றைக் கொடுத்து, விற்றவர்கள் தாக்கல் செய்த கணக்கிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் 2பி பட்டியலோடு ஒப்பிடச் சொன்னால், அரை மணி நேரத்தில் வேலை தெரிந்தவர் யார் என்பது தெரிந்துவிடும். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டு மீண்டும் வர விரும்பும் கணக்காளர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கெடு நாட்களைத் தவிர மற்ற நாட்களில் 10 மணி முதல் 4 மணி வரை போதும் என்று அறிவித்துப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வடபழஞ்சியில் உள்ள எங்கள் நிறுவனத்துக்கு வர விரும்புகிறார், ஆனால் சென்னைச் சம்பளத்தையே கேட்கிறார். மதுரையில் செலவு குறைவுதானே?
– நிறுவனப் பங்குதாரர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: வாடிக்கையாளரிடம் நீங்கள் மதுரை விலையா வாங்குகிறீர்கள்? இல்லையென்றால், அவர் செய்யப்போகும் வேலைக்கு உரிய சம்பளத்தைக் கொடுங்கள். அவர் வீட்டு வாடகை எவ்வளவு என்பது உங்கள் கணக்கில் வர வேண்டியதில்லை.